ஆள் தெரிதலும் வினை ஒப்படைத்தலும்

திருக்குறளிலே 'தெரிந்து தெளிதல்' என்றும் 'தெரிந்து வினையாடல்' என்றும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. ஒருவரை ஆராய்ந்து நம்புதல் முன்னது. நம்பியவரிடம் தகுந்த தொழிலை ஒப்படைத்து ஆளுதல் பின்னது. முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து இவ்விரு அதிகாரங்களையும் எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியவன் நான். ஆயினும், ஆசிரியர் இவற்றை இரண்டாக வகுத்து வைத்ததன் காரணம் ஓய்வு பெற்ற பின்னரே, அதுவும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் பொருட்டே, எனக்கு விளங்கிற்று. அந்த அனுபவத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடமராட்சியிலே விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கென நடைபெறும் சிறு பகல் நிலையம் ஒன்றின் முகாமைக் குழுவுக்கு என்னைச் செயலாளராக்கினார்கள். இருபத்தாறு பிள்ளைகள், மூன்று ஆசிரியைகள், ஓட்டுக் கூரையிட்ட இரண்டு அறைகள், முற்றத்திலே ஒரு வேம்பு. இலண்டனிலும் தொறன்ரோவிலும் வாழும் ஊரவர்கள் சேர்த்து அனுப்பிய பணத்தைக் கொண்டு ஒரு நடத்தைச் சிகிச்சையாளரை நியமிப்பதெனக் குழு தீர்மானித்தது. ஆளைத் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நடத்தைச் சிகிச்சை என்பது யாது? ஆசிரிய கலாசாலையிலே பயின்றோர் பவ்லோவின் நாயையும் ஸ்கின்னரின் பெட்டியையும் மறந்திருக்க மாட்டார்கள். தூண்டி, துலங்கல், மீளவலியுறுத்தல் என்று நாம் பரீட்சைக்காகப் பாடமாக்கிய கொள்கைகளை மனிதரின் துன்பம் தீர்ப்பதற்குப் பயன்படுத்தும் முறை அது. 1924 ஆம் ஆண்டிலே மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, முயலைக் கண்டு அஞ்சிய பீற்றர் என்ற சிறுவனுக்கு, அவன் விரும்பிய உணவை உண்ணும் வேளையில் முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அச்சத்தைப் போக்கினார். அவன் ஈற்றில் அம்முயலைத் தடவிக் கொடுத்தான். வற்புறுத்தாமல், அளந்து, படிப்படியாகச் செய்தல் என்பதே அச்சிறு நிகழ்ச்சியின் சாரம். இன்று ஓட்டிசம் என்னும் நிலையுடைய பிள்ளைகளுக்கு இம்முறையினடியாகப் பிறந்த பயிற்சிகள் உலகெங்கும் வழங்கப்படுகின்றன.

இவ்வளவையும் நான் பின்னரே வாசித்து அறிந்தேன். ஆளைத் தேடத் தொடங்கியபோது எனக்குத் தெரிந்திருந்தது பதவியின் பெயர் ஒன்றே.

முதல் நியமனம்

பத்திரிகையில் நான்கு வரி விளம்பரம் கொடுத்தோம். மூவர் விண்ணப்பித்தனர். குழுவினர் ஐவர் மேசையைச் சுற்றி இருந்து ஒவ்வொருவரையும் அரை மணி நேரம் விசாரித்தோம். ஊர் எது, தகப்பனார் என்ன தொழில், பிள்ளைகளில் விருப்பமா என்பன எங்கள் கேள்விகள். ஓர் இளைஞன் ஆங்கிலத்தில் அழகாகப் பேசினான். அமெரிக்க முறைப்படி நடத்தைப் பகுப்பாய்வில் பயிற்சி பெற்றதாகக் கூறும் சான்றிதழ் ஒன்றை முன்வைத்தான். அதன் ஓரத்திலிருந்த முத்திரையை எங்கள் தலைவர் விரலால் தடவிப் பார்த்தார். அன்றே நியமனம் முடிந்தது.

நிலையத்திலே ஒரு சிறுவன் இருந்தான். பேச்சு வராதவன். எழுத்துப் பயிற்சிக்கு அமர்த்தினால் உள்ளங்கையால் தன் காதிலே ஓங்கி அறைவான். காதுமடல் சிவந்து வீங்கிவிடும். ஆசிரியைகள் பதறிப் பயிற்சியை நிறுத்துவார்கள். 'இப்பிள்ளை அடிக்காமல் இருந்தால் போதும்' என்று புதிய சிகிச்சையாளனிடம் அவனை ஒப்படைத்தோம்.

இரண்டு மாதத்தில் அடி நின்றது. குழுக் கூட்டத்திலே அதை வெற்றியாகக் குறித்துக்கொண்டோம். வெளிநாட்டு அன்பர்களுக்கு நானே கடிதம் எழுதினேன். அதற்கு அடுத்த கிழமை அச்சிறுவனின் தாயார் வாயிலில் என்னை மறித்தார்.

"மாஸ்டர், பிள்ளை இப்ப காதில அடிக்கிறேல்லைத்தான். ஆனா முந்தி தண்ணி விடாய்ச்சா என்ர கையைப் பிடிச்சுக் குடத்தடிக்கு இழுத்துக்கொண்டு போவான். இப்ப அதுவும் இல்லை. சும்மா இருக்கிறான்."

மறுநாள் முன்னறிவித்தலின்றி அறைக்குள் சென்று பார்த்தேன். சிறுவன் நாற்காலியில், அவனுடைய இரு கைகளும் மேசைமீது, இளைஞனின் கைகளுக்கு அடியில். பிள்ளை திமிறவில்லை, அழவுமில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இளைஞன் முகத்தில் குரூரம் இருந்ததென்று சொன்னால் அது பொய். கடமையைச் செய்கின்றவனின் களைப்புத்தான் இருந்தது. பிள்ளை எப்போது அடித்தான், எத்தனை முறை, அதற்கு முன் என்ன நடந்தது என எதற்கும் குறிப்பில்லை. குறிப்பு வைக்கும்படி நாங்களும் கேட்கவில்லை.

அவனை நிறுத்தினோம். ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, காரணத்தை விரித்துரைக்காமலே அனுப்பிவைத்தோம். எங்கள் செயல்களுள் மிகவும் கோழைத்தனமானது அதுவேயென இப்பொழுது எண்ணுகிறேன்.

சான்றிதழ் சொன்னதும் சொல்லாததும்

அச்சான்றிதழ் போலியாக இருக்கும் என்று ஐயுற்றேன். விசாரித்தபோது அது மெய்யானதென்றே தெரிந்தது. பிழை வாசித்தவர்களிடத்தில் இருந்தது.

அமெரிக்காவிலே நடத்தைப் பகுப்பாய்வாளருக்குச் சான்றளிக்கும் சபை ஒன்று 1998 இல் நிறுவப்பட்டது. அது வகுத்த படிகளுள் பகுப்பாய்வாளர் என்பது உயர்ந்த படி. முதுமாணிப் பட்டமும், மேற்பார்வையின் கீழ்ப் பெற்ற நீண்ட செயன்முறை அனுபவமும், பரீட்சைச் சித்தியும் அதற்கு வேண்டும். பிள்ளைக்குரிய திட்டத்தை வகுப்பவர் அவர். அத்திட்டத்தைப் பிள்ளையோடு இருந்து நடைமுறைப்படுத்தும் நுட்பவியலாளருக்கு நாற்பது மணி நேரப் பயிற்சி போதும். அதன் பின்னரும் திறன் மதிப்பீடும் பரீட்சையும் உண்டு. பதிவு பெற்ற பின்பும் அவர் தனித்து இயங்கலாகாது. மாதந்தோறும் பணிபுரியும் மணித்தியாலங்களில் குறைந்தது நூற்றுக்கு ஐந்து வீதம் மேற்பார்வைக்கு உட்பட வேண்டும் என்பது விதி.

எங்கள் இளைஞன் காட்டியது அந்த நாற்பது மணி நேரப் பயிற்சிச் சான்றிதழையே. அவன் அதற்குமேல் எதையும் கோரவில்லை. உதவியாளன் ஒருவனைச் சிகிச்சையாளன் என்று பெயரிட்டு, மேலே ஒருவருமின்றி, மிகக் கடினமான பிள்ளையோடு ஓர் அறையில் விட்டவர்கள் நாங்கள். மேலும், 2023 ஆம் ஆண்டு முதல் அச்சபை அமெரிக்கா, கனடா முதலான மிகச் சில நாடுகளில் வசிப்போரிடமிருந்தே புதிய விண்ணப்பங்களை ஏற்கிறது. இலங்கை அவற்றுள் ஒன்றன்று. ஆதலின், இங்கே ஆள் தேடுவோர் முத்திரையைப் பார்த்து ஓய்ந்துவிட முடியாது. ஆளையே பார்த்தாக வேண்டும்.

ஒரு வருடம் கழித்து நெல்லியடிச் சந்தியில், பேருந்துக்குக் காத்து நின்ற அவ்விளைஞனைக் கண்டேன். தொலைபேசிக் கடையொன்றில் வேலை என்றான். நான் மன்னிப்புக் கேட்க முயன்றேன். அவன் தலையைக் குனிந்தபடி சொன்னான்: "சேர், எனக்கு ஒருத்தரும் காட்டித் தரேல்லை. பிள்ளை அடிக்காமல் இருந்தாச் சரி எண்டுதானே நீங்களும் சொன்னனீங்கள்."

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

முன்னோர் ஆளமர்த்திய விதம்

பின்னர் இத்துறையின் பழைய ஆய்வுகளைத் தேடி வாசித்தேன். தொடக்க காலத்தில் இப்பணியைச் செய்தவர்கள் யாவர் என்பதே என் கேள்வி. விடை எனக்கு வியப்பளித்தது.

கனடாவின் சஸ்காச்சுவன் மாகாணத்து மனநோய் மருத்துவமனை ஒன்றில் அயிலோன், மைக்கல் என்னும் இருவர் நடத்திய ஆய்வு 1959 இல் வெளிவந்தது. சிகிச்சையை நடைமுறைப்படுத்தியவர்கள் விடுதித் தாதியர். நோயாளியான ஒரு பெண் நாளொன்றுக்குச் சராசரி பதினாறு தடவை தாதியர் அறைக்குள் புகுந்து வேலையைக் குழப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்து வெளியே அழைத்துச் சென்ற கவனிப்பே அவ்வழக்கத்தை வளர்த்தது என்று கண்டனர். அக்கவனிப்பை நிறுத்தவே, ஏழாவது வாரமளவில் வருகை நாளுக்கு இரண்டாகக் குறைந்தது. தாதியர் மேதைகள் அல்லர். ஆனால் அவர்கள் எண்ணினார்கள். எண்ணியதை வாசிப்பதற்கு ஒருவர் மேலே இருந்தார்.

1964 இல் வெளியான இன்னொரு ஆய்வு, வோஷிங்ரன் மாநிலத்தில் டிக்கி எனப் பெயரிடப்பட்ட மூன்றரை வயதுச் சிறுவனைப் பற்றியது. கண்புரைக்காக வில்லைகள் அகற்றப்பட்ட அவன் மூக்குக்கண்ணாடி அணியாவிடின் பார்வை கெட்டுவிடும். அவனோ அணிய மறுத்தான். வுல்ஃப், றிஸ்லி, மீஸ் என்போர் கண்ணாடியில்லாத வெறுஞ் சட்டங்களை அறையிலே வைத்து, அதைத் தொட்டதற்கு, எடுத்ததற்கு, முகத்தருகே கொண்டுபோனதற்கு எனப் படிப்படியாக வெகுமதி அளிப்பித்தனர். ஈற்றில் அவன் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கண்ணாடி அணிந்தான்.

இத்துறையின் இருண்ட பக்கத்தையும் மறைத்தல் தகாது. கலிபோர்னியாவில் லோவாஸ் என்னும் பேராசிரியர் பல்கலைக்கழக மாணவர்களைச் சிகிச்சையாளராகப் பழக்கி, வாரத்துக்கு நாற்பது மணி நேரம் பயிற்சியளித்து, 1987 இல் தம் பெறுபேற்றை வெளியிட்டார். பத்தொன்பது பிள்ளைகளில் ஒன்பது பேர் ஏனைய பிள்ளைகளைப் போலப் பள்ளிக்குச் செல்லலாயினர் என்ற செய்தி உலகத்தை ஈர்த்தது. ஆனால் அம்முறையில் அதட்டலும் தொடையில் அறைதலும் இருந்தன; 1960 களில் மின்னதிர்ச்சியும் பயன்பட்டது. இத்தகைய பயிற்சிகளுக்கு உட்பட்டு வளர்ந்த ஓட்டிசமுடையோர் பலர், தாங்கள் கற்றது பணிந்து நடிப்பதையே என்று இன்று எழுதுகிறார்கள். அதை வாசித்தபோது, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் சிறுவனின் கண்களே எனக்குத் தோன்றின.

என் மனத்தை முற்றாக மாற்றியது 1985 இல் கார், டுராண்ட் என்போர் வெளியிட்ட ஆய்வு. குழப்பஞ் செய்த பிள்ளைகள் எதற்காகச் செய்கின்றனர் என்று முதலில் கண்டறிந்தனர். பாடம் கடினமாகும்போது குழப்புபவனுக்கு 'எனக்கு விளங்கவில்லை' என்று சொல்லப் பழக்கினர். கவனிப்புக்காகக் குழப்புபவனுக்கு 'நான் செய்தது நன்றாக இருக்கிறதா?' என்று கேட்கப் பழக்கினர். காரணத்துக்குப் பொருந்திய சொல்லைக் கற்றதும் குழப்பம் குறைந்தது. பொருந்தாத சொல்லால் குறையவில்லை. அடித்தல், கத்துதல் என்பனவும் ஒருவகை மொழியே என்பதே இதன் பொருள். தமிழாசிரியனாகிய எனக்கு அது மிக எளிதில் விளங்கியிருக்க வேண்டும். எங்கள் சிறுவன் காதிலே அறைந்து சொன்ன ஒரே சொல்லையும் நாம் பறித்துவிட்டோம்; வேறு சொல் கொடுக்கவில்லை.

இரண்டாவது நியமனம்

மறுபடி ஆள் தேடத் தொடங்குமுன் குழுவைக் கூட்டி, ஒரு தாளில் பணியை எழுதினோம். எத்தனை பிள்ளைகள், என்ன வயது, என்ன இடர், நாளுக்கு எத்தனை மணி என்று எழுதியபோதே ஓர் உண்மை வெளிப்பட்டது. எட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது பேச்சுச் சிகிச்சை; மூவருக்குத் தொழில்வழிச் சிகிச்சை. எல்லாவற்றையும் 'நடத்தை' என்ற ஒரே சாக்கில் கட்டி ஒருவர் தோளில் ஏற்றியிருந்தோம்.

அடுத்ததாக, மேற்பார்வைக்கு ஒருவரை முதலில் தேடினோம். கொழும்பிலுள்ள அனுபவமிக்க சிகிச்சை உளவியலாளர் ஒருவர், இரு கிழமைக்கு ஒரு முறை காணொளி வழியாகவும் இரு மாதத்துக்கு ஒரு முறை நேரிலும் மேற்பார்வை செய்ய இசைந்தார். அவருக்குரிய கட்டணத்தைச் சம்பளப் பணத்தினின்றும் ஒதுக்கினோம். அதனால் முழுநேரப் பதவி நான்கு நாட் பதவியாகக் குறைந்தது. குழுவில் இருவர் இதனை வீண்செலவு என்றனர். நான் தாயார் சொன்னதை நினைவூட்டினேன்.

நேர்முகப் பரீட்சையையும் மாற்றினோம். 1998 இல் சிமித், ஹன்ரர் என்போர் ஆளெடுப்புப் பற்றிய எண்பத்தைந்து ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து, மனம் போனபடி உரையாடித் தெரிவு செய்வதிலும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் புள்ளியிடுவதும் உரிய வேலையையே சிறிது செய்விப்பதும் பின்னைய திறமையை நன்கு காட்டும் என்றனர். 2022 இல் சக்கெற் முதலானோர் அக்கணக்கைத் திருத்தியபோதும், ஒழுங்கமைந்த நேர்முகமே முன்னணியில் நின்றது. ஆகவே ஆறு கேள்விகளை முன்கூட்டியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் புள்ளி வகுத்தோம். முதற் கேள்வி இது: 'பேச்சற்ற பிள்ளை ஒருவன் காதில் அறைந்துகொள்கிறான். என்ன செய்வீர்?'

ஒருவர் கைகளைப் பிடிப்பேன் என்றார். ஒருவர் பாராமுகமாக இருப்பேன் என்றார். மூன்றாமவர், முன்பள்ளியில் ஆறு ஆண்டுகள் கற்பித்து, பின் உளவியலில் பட்டம் பெற்ற ஒரு பெண். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்: "முதல்ல காதை டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ?"

ஐவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். காட்டவில்லை. பல்வலியும் காதுவலியும் பேச்சற்ற பிள்ளையைத் தன்னைத்தானே அடிக்கச் செய்யும் என்ற சாதாரண அறிவு எங்கள் ஒருவருக்கும் எழவில்லை. (பின்னர் காட்டினோம், காதிலே பழுதில்லை. ஆயினும் அதைக் கேட்க வேண்டியிருந்தது.)

பெற்றோரின் இசைவோடும் முன்னிலையிலும் ஒவ்வொருவரையும் ஒரு பிள்ளையோடு இருபது நிமிடம் விளையாட விட்டோம். பிள்ளை முகத்தைத் திருப்பும்போது என்ன செய்கிறார் என்பதே நாங்கள் பார்த்தது. அப்பெண் கையிலிருந்த கட்டைகளைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் காத்திருந்தார். அதன்பின், ஒரு தாய்க்கு ஒரு சிறு பயிற்சியைச் சொல்லிக் காட்டி, செய்வித்து, திருத்தும்படி கேட்டோம். பிள்ளை எங்களிடம் இருப்பது ஐந்து மணி நேரம். எஞ்சிய நேரமெல்லாம் தாயிடம். தாய்க்குக் கற்பிக்க இயலாதவர் பிள்ளைக்குக் கற்பித்தது வீட்டுப் படலையோடு நின்றுவிடும்.

'எங்களிடம் கேட்க ஏதும் உண்டா?' என்ற இறுதிக் கேள்விக்கு ஏனையோர் சம்பளத்தையும் விடுமுறையையும் கேட்டனர். அது நியாயமே. அப்பெண் அவற்றையும் கேட்டு, மேலும் ஒன்று கேட்டார்: "எனக்கு மேலை ஆர் இருக்கப் போகினம்? நான் பிழை விட்டா அதை ஆர் கண்டுபிடிப்பினம்?"

அக்கேள்விக்கு எங்கள் அட்டவணையில் புள்ளி வகுத்திருக்கவில்லை. நியமனத்தைத் தீர்மானித்தது அதுவே.

ஒப்படைத்த பின்

முன்னைய நியமனத்தில் நாம் விட்டது இதனையே. இம்முறை இரண்டு பக்க உடன்பாடு எழுதினோம். முன்னர் பணிபுரிந்த இடங்களுக்குத் தொலைபேசியில் பேசினோம். பொலிஸ் நற்சான்றும் கிராம அலுவலர் சான்றும் பெற்றோம். ஆறு மாத காலம் பயில்நிலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்திலான திட்டம்; அதிற் பெற்றோர் கையொப்பம். உடனடி ஆபத்தைத் தடுக்கவன்றி எப்பிள்ளையையும் பிடித்து அமர்த்துதல் ஆகாது. அவ்வாறு நேர்ந்தால் அன்றே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். பெற்றோர் எவ்வேளையும் அறைக்குள் வரலாம். நாளாந்தக் குறிப்பு வரைபடமாகி மேற்பார்வையாளருக்குப் போக வேண்டும்.

நாங்களும் கட்டுப்பட்டோம். ஒரே நேரத்தில் ஆறு பிள்ளைகளுக்கு மேல் ஒப்படைப்பதில்லை. குறிப்பு எழுத நாளுக்கு ஒரு மணி நேரம் சம்பளத்துடன் ஒதுக்கப்படும். முன்னைய இளைஞனுக்கு 'வேதனம்' என்ற பெயரில் ஒரு தொகையைக் கையில் கொடுத்து வந்தோம். இப்போது ஊழியர் சேமலாப நிதிக்கு எங்கள் பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டும் அவர் பங்கு எட்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மூன்றும் முறையாகச் செலுத்துகிறோம். சேவை மனப்பான்மை என்று சொல்லிச் சட்டப்படி உரியதைக் கொடாது விடும் தர்ம ஸ்தாபனங்கள் பல. அங்கே நல்லவர்கள் நிலைப்பதில்லை. பிள்ளைகளோ ஆள் மாறும்போதெல்லாம் புதிதாய்த் தொடங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் சிறுவனுக்கு அவர் முதலில் எழுத்துப் பயிற்சி கொடுக்கவில்லை. இரண்டு கிழமை பார்த்து எண்ணினார். காதில் அறைவது மீண்டும் வந்திருந்தது. அதைக் கண்டு நான் கலங்கியபோது, 'வரட்டும்' என்றார். பென்சிலைக் கையில் வைத்த சில நிமிடங்களில் அது வருவதைக் குறிப்புகள் காட்டின. ஆகவே உள்ளங்கையளவு அட்டை ஒன்றைச் செய்து, சிவப்பு வட்டம் கீறி, 'போதும்' என்று எழுதினார். அதை நீட்டினால் பென்சில் உடனே அகற்றப்படும். முதற் கிழமை பயிற்சியே நடக்கவில்லை. பென்சிலைக் கண்டதும் அட்டையை நீட்டினான். ஒவ்வொரு முறையும் அவர் பணிந்தார். பிள்ளைக்கு இடம் கொடுத்துக் கெடுக்கிறார் என்று ஆசிரியை ஒருவர் முறைப்பட்டார். தன் சொல் செல்லுபடியாகும் என்று அவன் முதலில் நம்பட்டும் என்பதே அவர் மறுமொழி. பின்னர், அட்டையை ஏற்குமுன் ஒரு கோடு, பிறகு இரண்டு, பிறகு ஓர் எழுத்து.

எட்டு மாதமாயிற்று. இன்றும் சில நாட்களில் அவன் காதில் அறைகிறான். வரைபடம் அதை ஒளிக்காமல் காட்டுகிறது. ஆனால் 'அ' எழுதுகிறான். சென்ற மாதம் தாயார் இன்னொரு அட்டை கேட்டு வந்தார், தண்ணீர்க் குடத்தின் படத்தோடு. பழையபடி அவன் கையைப் பிடித்து இழுக்கிறானாம். அத்தோடு அட்டையும் இருந்தால் சின்னம்மா வீட்டிலும் கேட்பான் அல்லவா என்றார்.

வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இத்தகைய நிலையங்களை நடத்தும் அன்பர்கள் பலர் இப்பகுதியை வாசிப்பீர்கள். அவர்கள் முன் ஒரு விண்ணப்பம் உண்டு. நடத்தைச் சிகிச்சையாளர் தேவை என்று விளம்பரம் எழுத அமருமுன், வேறொரு தாளிலே இரண்டு விடைகளை எழுதுங்கள்: வருபவருக்குக் காட்டிக் கொடுப்பவர் யார்? அவர் தவறினால் அதனைக் காண்பவர் யார்? அவ்விரு பெயர்களும் எழுதப்படும்வரை விளம்பரம் காத்திருக்கட்டும். நெல்லியடிச் சந்தியிலே தலை குனிந்து நின்ற இளைஞனைப் போல் இன்னொருவன் நிற்க வேண்டியதில்லை.